மூன்றாவது பாய்ச்சலின் பெயர்

கேப்டன் பலகையை வண்டியிலிருந்து இறக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், தண்ணீர்த் தொட்டி செய்கிற கனத்த வெள்ளைப் பிளாஸ்டிக். அதைத் தலைக்கு மேலே பிடித்தபடி பட்டறைக்குள் ஓடி வந்தவர், "குடை எடுக்காம வந்துட்டமேன்னு நினைச்சேன். இதுவே குடையாச்சு" என்று சிரித்தார். முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு.

மெக்கானிக் சிரிக்கவில்லை. கையிலிருந்த சூடுகாற்றுத் துப்பாக்கியை அணைத்துவிட்டுப் பலகையின் ஒரு முனையைப் பிடித்து வாங்கினார்.

மெக்கானிக் என்றால் கார் மெக்கானிக் இல்லை. ஆற்றில் ஓட்டுகிற கயாக் படகுகளை ஒட்டிக் கொடுப்பவர். ஓர் ஆள் இடுப்புவரை நுழைந்து உட்கார்ந்து துடுப்பு வலிக்கிற சின்னப் பிளாஸ்டிக் படகுகள் அவை. பாறையில் மோதினால் வெடிக்கும். பசை எதுவும் அந்தப் பிளாஸ்டிக்கில் நிற்காது. விரிசலைச் சுரண்டி, அதே சாதிப் பிளாஸ்டிக்கில் ஒரு நாடா சீவி, இரண்டையும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும்வரை சூடுகாட்டி, கட்டைவிரலால் அழுத்தி இழுக்க வேண்டும். சூடு குறைந்தால் பிடிக்காது, கூடினால் புகைந்து கருகிவிடும். இருபத்திரண்டு வருடமாக இந்த வேலை செய்து மெக்கானிக்கின் இரண்டு கட்டைவிரல்களிலும் ரேகையே இல்லை.

பட்டறையின் மறு மூலையில் அவர் மனைவி தையல் மிஷினில் இருந்தாள். லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு ஜிப் மாற்றுவது, பக்கிள் தைப்பது எல்லாம் அவள் வேலை. பின்னால் ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை. அவ்வளவுதான் வீடு.

"ஆத்தோரம் பார்வை மேடையில மாட்டப் போற பலகை" என்றார் கேப்டன். அவர் படகு வழிகாட்டிகளின் சங்கத் தலைவர். "நாலு பாய்ச்சல் பேரையும் பெரிய எழுத்துல ஒட்டணும். பெயிண்ட்லாம் ஒரு மழைக்குத் தாங்காது. உடைஞ்ச படகுலேருந்து எழுத்து வெட்டி நீங்களே வெல்டு பண்ணிருங்க."

பாய்ச்சல் என்றால் ஆறு பாறைகளுக்கு நடுவே வெள்ளையாகக் கொதித்து இறங்குகிற இடம். இந்த ஆற்றில் அப்படி நான்கு உண்டு.

"பேரெல்லாம் முடிவாயிடுச்சா?" என்று தையல் மிஷினை நிறுத்தாமலே கேட்டாள் மெக்கானிக்கின் மனைவி.

"ஆச்சும்மா. மொதல்ல 'சோறு கொட்டி'. பாதிப் பேரு சாப்பாட்டு டப்பா அங்கதானே போகுது. ரெண்டாவது 'மாப்பிள்ளை முழுக்கு'. நாலாவது 'கேப்டன் பல்'."

"உங்க பல்லா?"

"அங்கதானே விழுந்துச்சு. இன்னும் அடியிலதான் கிடக்கும்."

"தேடி எடுத்து மாட்டிக்கிறதுதானே. ரெண்டு வருஷமா பேச்சுக்கு நடுவுல விசில் அடிச்சுட்டே இருக்கீங்க."

கேப்டன் மறுபடி சிரித்தார். பிறகு சிரிப்பை ஏதோ எண்ணெய்க் கறை மாதிரித் துடைத்துக்கொண்டு, "மூணாவது 'ஜம்பம்'" என்றார்.

மிஷின் நின்றது.

ஆற்றுக்காரர்கள் உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைப்பதில்லை. நடந்ததுதான் பெயர். வழிகாட்டிகள் ரப்பர் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது அந்தந்த இடத்தில் நிறுத்திக் கதை சொல்வார்கள். சொல்லிச் சொல்லிப் பெயர் படிந்துவிடும்.

"நான் வைக்கல மெக்கானிக். பசங்க கூப்பிடறாங்க. 'இருபது வருஷம் இந்த ஆத்துலயே கிடந்த மனுஷன். சிநேகிதன் படகை ஓட்டிக் காட்டறேன்னு ஜம்பத்துக்கு ஏறினாரு, இங்கதான் போனாரு'ன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் ஒருத்தன் வாயைத் திறக்கறதில்ல. துடுப்பைக் கெட்டியாப் புடிச்சுக்கறான். ஒட்டகம் செத்தும் நாலு பேரைக் காப்பாத்தறான்னு வெச்சுக்கங்களேன்."

ஒட்டகம் என்பது மெக்கானிக்கின் சிநேகிதன். நீளக் கழுத்து, நீளக் கால். அந்தப் பெயர் சொன்னால்தான் ஊரில் தெரியும்.

"அந்தப் பேருக்கு மட்டும் சிவப்புல போடுங்க" என்று வாசலில் நின்று சொன்னார் கேப்டன். "பின்னாடி கிடக்குதே, அவன் போன படகு. அதுலயே வெட்டுங்க. பொருத்தமா இருக்கும். ஞாயித்துக்கிழமை மாட்டறோம். ஸ்கூல்லேருந்து ஒன்பதாவது பசங்களைக் கூட்டிட்டு வர்றாங்க."

அவர் போனபிறகு தகரக் கூரையில் மழை வலுத்தது.

"ஒட்டகத்தோட பொண்ணு வாத்தும் ஒன்பதாவதுதானே?" என்றாள் மனைவி.

மெக்கானிக் ரம்பத்தைத் தேடினார்.

சிவப்புப் படகு பட்டறைக்குப் பின்னால் மழையில் கிடந்தது. போலீஸ் விசாரணை முடிந்து திரும்பி வந்ததிலிருந்து அங்கேதான். மூக்குப் பகுதி மடங்கி, நசுங்கிய செருப்பு மாதிரி இருந்தது. அதன்மேல் பாசி ஏறியிருந்தது. அது மெக்கானிக்கின் சொந்தப் படகு. பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒட்டகம் அதில் உட்கார்ந்து மூன்றாவது பாய்ச்சலில் இறங்கினான். படகின் மூக்கு தண்ணீருக்கு அடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறங்கி நின்றுவிட்டது. மேலிருந்து மொத்த ஆறும் அவன் முதுகில் விழுந்தது. மெக்கானிக் கீழே தேங்கிய நீரில் இருந்து கயிற்றை மூன்று முறை எறிந்தார். மூன்றாவது முறை கயிறு ஒட்டகத்தின் கைமேல் விழுந்தது. கை அதைப் பிடிக்கவில்லை.

முனையை அறுத்து எடுத்தபோது உள்ளே கால்தாங்கி தெரிந்தது. பாதத்தை ஊன்றிக்கொள்ள இரண்டு பக்கமும் பல்லுப் பல்லாக நகர்த்தி வைக்கிற துண்டு. அது கடைசிப் பல்லில் இருந்தது. அதற்குமேல் தள்ள இடமில்லை. மெக்கானிக் ஐந்தடி இரண்டு அங்குலம். படகு அவர் அளவுக்குச் செய்து வைத்தது. ஒட்டகம் ஆறடிக்கு மேல். முட்டி மடங்கி, தொடையை மேலிருந்து அழுத்திப் பிடிக்கிற தொடைப்பிடிக்கு அடியில் இறுகியிருக்கும். படகு நட்டுக்கொண்டபோது காலை உருவ முடிந்திருக்காது.

இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். போலீஸ் எழுதியதும் இதைத்தான். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க படகுல அவர் எதுக்கு ஏறினார்?"

ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்த மெக்கானிக் சொன்னார்: "ஓட்டிப் பாக்கறேன்னு கேட்டான்."

பக்கத்தில் நான்கைந்து வழிகாட்டிகள் நின்றிருந்தார்கள்.

*

நான்கு மணி பத்து நிமிடத்துக்கு வாத்து வந்தாள். ஒட்டகத்தின் ஒரே பெண். சின்ன வயதில் எந்தத் தேங்கலைக் கண்டாலும் இறங்கிவிடுவாள் என்று அப்பா வைத்த பெயர். அம்மா சலவைக்கூடத்தில் ஆறு மணிவரை வேலை. அதுவரை வாத்து இங்கேதான். பள்ளிப் பை மிஷினுக்குக் கீழே, ஷூ வாசலில், ஈரச் சாக்ஸ் சூடுகாற்றுத் துப்பாக்கியின் வாயில்.

"சாக்ஸ் கருகினா உங்கம்மா என்னைக் கருக்கிருவா" என்று மெக்கானிக்கின் மனைவி அதைப் பிடுங்கினாள். "கை கழுவிட்டு வா. முட்டை ஊத்தியாச்சு."

"ரெண்டாத்தை."

"என்ன ரெண்டாத்தை?"

"ரெண்டு முட்டை, அத்தை."

"வளர்றா பாரு, அப்பன் மாதிரி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் அவள்.

வாத்து ரொட்டியில் முட்டையை மடித்து வைத்துக்கொண்டு பலகையைச் சுற்றி வந்தாள். முதல் இரண்டு பெயர்கள் ஒட்டியாகியிருந்தன, மஞ்சளிலும் நீலத்திலும். சிவப்பு எழுத்துகள் வெட்டி, ஒட்டாமல், மூன்றாவது வரிசையில் வெறுமனே பரப்பிக் கிடந்தன. மெக்கானிக் மறைக்க மறந்திருந்தார். அல்லது மறைக்கத் துணியவில்லை.

அவள் மென்றுகொண்டே படித்தாள்.

"மூணாவது எங்கப்பா போன இடம்தானே?"

"ம்."

"ஸ்கூல்ல பசங்க சொல்லிட்டிருந்தாங்க, இப்படித்தான் பேரு வரப் போவுதுன்னு. சரியாத்தான் இருக்கு மாமா."

"என்ன சரியா இருக்கு?"

"அம்மா வெச்ச பேருக்கு இது பரவால்ல. அம்மா 'பொறுப்பத்த ஜென்மம்'னுதான் சொல்லுவாங்க. அது பலகையில கொள்ளாது."

சிரித்தாள். பதினான்கு வயதுப் பெண் அப்படிச் சிரிக்கக் கூடாது. பல்லில் முட்டை ஒட்டியிருந்தது. மெக்கானிக் தலையைக் குனிந்து, சூடே இல்லாத துப்பாக்கியால் ஓர் எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆறே காலுக்கு அவள் அம்மா வந்தாள். குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றாள். உடம்பிலிருந்து கஞ்சி வாசமும் வெந்நீர் வாசமும் வந்தது. "அண்ணா, இன்னிக்குக் கணக்கு வீட்டுப்பாடம் போட்டாளா? அண்ணி, சாயங்காலம் இவளுக்கு எதுவும் குடுக்காதீங்க, ராத்திரி வீட்ல சாப்பிட மாட்டேங்குறா" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். பலகையை ஓரக்கண்ணால் பார்த்தாள். படித்தாள் என்று தெரிந்தது. ஒட்டகத்தின் படத்தைக்கூட அவள் வீட்டில் மாட்டியிருக்கவில்லை. கேட்டவர்களிடம், "படம் மாட்டற மாதிரியா செத்தாரு?" என்றிருக்கிறாள்.

இருவரும் ஒரே குடையில் போனார்கள். தெரு விளக்கு இன்னும் எரிய ஆரம்பிக்கவில்லை.

"அவன் கேக்கல" என்றார் மெக்கானிக்.

மனைவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். "எது?"

"படகை. அவன் கேக்கல. நான்தான் கேட்டேன்."

அவள் நூலைக் கடித்தபடியே நின்றுவிட்டாள்.

"மேல பாறையில நின்னு பாத்தோம். தண்ணி அன்னிக்கு ஜாஸ்தி. எனக்குக் கால் ஆடிப்போச்சு. என் படகு குட்டி, மூக்கைக் குத்திரும். அவனோடது நீளம், எருமை மாதிரி மிதக்கும். 'உன்னுதைக் குடுடா'ன்னேன். குடுத்தான். அதுல நான் மொதல்ல இறங்கினேன், அவன் என்னுதுல வந்தான்."

"தூக்கிட்டு நடந்து வந்திருக்கலாமே. பாறை மேல வழி இருக்குதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"இருக்கு."

"அப்புறம்?"

"ஞாயித்துக்கிழமை. மேடையில கூட்டம். புதுசா சேர்ந்த வழிகாட்டிப் பசங்க வேற எட்டிப் பாத்துட்டு நிக்கறானுங்க. அவனுங்க முன்னாடி படகைத் தோள்ல தூக்கிட்டு நடக்க..."

மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தாள். எரிச்சலா அழுகையா என்று தெரியாத குரலில் பேசினாள்.

"பதினோரு மாசம். ஒரே தட்டுல சாப்பிடற மாதிரி சாப்பிட்டுட்டு, பக்கத்துல படுத்துட்டு. என்கிட்டயாவது ஒரு வார்த்தை வந்துச்சா உங்க வாயிலேருந்து? நானும் அந்த மனுஷனைத் திட்டினேனே. 'வயசாகியும் வெளையாட்டுப் புத்தி'ன்னு அவங்க வீட்லயே உக்காந்து சொன்னேனே. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? காபியை ஆத்திட்டு இருந்தீங்க!"

"ஆமா."

"ஆமாவாம்."

கையிலிருந்த நூலைச் சுருட்டி வைத்துவிட்டு அவளே மெல்லச் சொன்னாள்: "சொல்லாதீங்க."

அவர் நிமிர்ந்தார்.

"போனவர் போயிட்டாரு. இப்ப சொன்னா அந்த வீட்டுக் கதவு நமக்குச் சாத்திரும். அவ அண்ணான்னு வந்து நிக்கறா. அந்தப் பொண்ணு..." அவள் கண் மிஷினுக்குக் கீழே, பள்ளிப் பை இருந்த இடத்துக்குப் போனது. இவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருடம், குழந்தை இல்லை. அதைப்பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. "நாலு மணி ஆனா வாசலைப் பாக்கறேன். இந்தப் பதினோரு மாசமாத்தான் பாக்கறேன். அதை எடுத்துராதீங்க."

"பலகையில ஒட்டச் சொல்றாங்களே."

"ஒட்டுங்க. நாலு எழுத்துதானே."

"அவ படிச்சுட்டுச் சிரிக்கறா."

எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கஞ்சி வைத்தாள். இரண்டு பேரும் குடித்தார்கள். உப்பில்லை என்பதை இரண்டு பேருமே சொல்லவில்லை.

காலையில் மெக்கானிக் சட்டை போட்டுக்கொண்டு கதவருகே நின்றபோது அவளே குடையை எடுத்துக் கொடுத்தாள்.

"போறதுன்னா இப்பவே போங்க. சாயங்காலம் அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தா உங்களுக்கும் வராது, எனக்கும் விட மனசு வராது."

*

சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் இருந்தது. ஆஸ்பத்திரியின் மொத்தப் படுக்கை விரிப்புகளும் அங்கேதான் துவைத்து, வெந்நீரில் அலசி, ராட்சத உருளை இஸ்திரிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். இரண்டிரண்டு பெண்களாக நின்று மடிப்பார்கள். ஜன்னல்களில் ஆவி வழிந்துகொண்டிருந்தது. வெளியே மழையின் குளிர், உள்ளே வியர்வை.

ஒட்டகத்தின் மனைவி ஓர் ஓரத்தில் தனியாக மடித்துக்கொண்டிருந்தாள். ஜோடிக்காரி டீக்குப் போயிருந்தாள்.

"வாங்கண்ணா. என்ன இங்க? அண்ணிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லம்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. அப்படியே அந்த முனையைப் புடிங்க. விரிப்பு ஆறிட்டா மடிப்பு நிக்காது. சூப்பர்வைசர் கத்துவான்."

மெக்கானிக் முனையைப் பிடித்தார். சூடாக இருந்தது. பின்னால் போய் இழுத்து உதறி, நீளவாக்கில் மடித்து, அவளை நோக்கி நடந்து, முனையை அவள் கையில் கொடுத்து, மடிப்பை எடுத்துக்கொண்டு மறுபடி பின்னால் போக வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் இருவரும் இரண்டு முறை நெருங்கி இரண்டு முறை விலகினார்கள்.

முதல் விரிப்பில் அவரால் ஆரம்பிக்க முடியவில்லை. இரண்டாவதில் சொன்னார். விலகும்போது சொன்னார். நெருங்கும்போது பேச்சு நின்றுவிட்டது. அதனால் அது துண்டு துண்டாகத்தான் வந்தது. தண்ணீர் ஜாஸ்தி. கால் ஆடியது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. உன்னுதைக் குடுடா என்றது. இன்ஸ்பெக்டர் கேட்டது. தான் சொன்னது.

அவள் கை நிற்கவில்லை. விரிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டே இருந்தாள். எட்டோ ஒன்பதோ விரிப்பு ஆகியிருக்கும்.

"அவரு ஏன் சரின்னாரு?" என்று கேட்டாள்.

"தெரியல. கேட்டேன், சரின்னான்."

"ஆமா." அவள் ஒரு மடிப்பை உள்ளங்கையால் நீவினாள். "யாரு என்ன கேட்டாலும் சரின்னுடுவாரு. கல்யாணத்தன்னிக்கே அவரோட செருப்பை எவனோ கேட்டான்னு கழட்டிக் குடுத்துட்டு வெறுங்காலோட வந்தாரு."

பதினொரு மாதத்தில் அவள் அவனைப்பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. சொன்ன உடனே அவள் முகம் கோணியது. விரிப்பால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு அது ஆஸ்பத்திரி விரிப்பு என்பது நினைவு வந்தமாதிரி எடுத்துத் தனியே, மறுபடி துவைக்க வேண்டிய கூடையில் போட்டாள்.

"தினமும் காலையில கண்ணு முழிச்சதும் அவரைத் திட்டுவேன். வாய்விட்டுத் திட்டுவேன். ஜம்பக்காரா, பொண்டாட்டி புள்ளைய நினைச்சியாடான்னு. அந்தக் கோவத்துல எந்திரிச்சுத்தான் சோறாக்கி, அவளைக் கிளப்பி, இங்க வந்து நிக்கறேன். அதுலதான் இவ்வளவு நாள் ஓடுச்சு. நாளைக்குக் காலையில நான் எதை வெச்சு எந்திரிக்கிறது?"

"என்னைத் திட்டும்மா."

"உங்களைத் திட்டி எனக்கு என்ன ஆகப் போவுது? நீங்க என் புருஷனா?"

உருளை இஸ்திரி உறுமிக்கொண்டே இருந்தது. டீ குடிக்கப் போன ஜோடிக்காரி கதவருகே வந்து, இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுவிட்டாள்.

"அவகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள் ஒட்டகத்தின் மனைவி. "நான் சொன்னா நம்ப மாட்டா. செத்த புருஷனுக்கு இப்பப் போய் வெள்ளையடிக்கறேன்னு நினைப்பா. நான்தானே அவளுக்குச் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கேன். எப்பவும்போல நாலு மணிக்கு வருவா. ஆறு மணிக்கு நான் வந்து கூட்டிட்டுப் போறேன். நாளையிலேருந்து எங்க வர்றதுங்கறதை அவ சொல்லட்டும்."

மெக்கானிக் கையிலிருந்த முனையை அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். "போயிட்டு வாங்க" என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

வரும் வழியில் கேப்டனுக்குப் போன் செய்தார். தெருவோரக் கடையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தார். மறுமுனையில் வெகுநேரம் விசில் மட்டும் வந்தது. மூச்சு பல் இடுக்கில் போய் வரும் சத்தம்.

"யோவ்" என்றார் கேப்டன் கடைசியில். "பசங்க ஆயிரம் தடவை சொல்லிட்டானுங்களேய்யா அந்தக் கதையை."

"தெரியும்."

"இப்ப என்ன பேரைப் போடறது?"

"ஒண்ணும் போடாதீங்க. மூணுன்னு மட்டும் ஒட்டித் தர்றேன்."

*

நான்கு மணிக்கு மழை விட்டிருந்தது. வாத்து வந்தாள். பை மிஷினுக்குக் கீழே போனது. மெக்கானிக்கின் மனைவி இரண்டு முட்டை ஊற்றித் தட்டை மேசையில் வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக ஒரு கேலியும் சொல்லாமல், சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"என்னத்தை, யாரு செத்துட்டாங்க?" என்றாள் வாத்து, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே.

மெக்கானிக் எதிரில் உட்கார்ந்து சொன்னார். சலவைக்கூடத்தில் சொன்னதைவிடச் சுருக்கமாகவே சொன்னார். நான் பயந்தேன். நான்தான் படகைக் கேட்டேன். உங்கப்பா கொடுத்தான். வெளியே தெரிந்தால் அசிங்கமென்று அவன் கேட்டதாகச் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. பிய்த்த ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தாள். முட்டையின் ஓரத்தை விரலால் தள்ளித் தள்ளி வட்டமாக்கினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"காலையில சொன்னேன்."

"நான் அவர்கூடப் பேசறதே இல்ல" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "அம்மா பீரோவுல அப்பா போட்டோவக் கவுத்து வெச்சிருக்காங்க. எனக்குத் தெரியும் அது எங்கன்னு. நான் ஒரு தடவைகூட அதைத் திருப்பிப் பாக்கல. கோவமா இருந்தேன்."

மெக்கானிக்கின் மனைவி ஓர் அடி எடுத்து வைத்தாள். வாத்து கையை உயர்த்தினாள், வராதே என்பதுபோல.

"மறுபடி சொல்லுங்க."

"என்னம்மா?"

"மொதல்லேருந்து. இப்ப சொன்னது சுருக்கமா இருக்கு. எந்தப் பாறையில நின்னீங்க?"

அவர் மறுபடி சொன்னார். இந்த முறை அவள் விடவில்லை. அப்பா என்ன சட்டை போட்டிருந்தார்? நீலம், முழங்கை கிழிந்தது. யார் முதலில் பேசியது? நான். அப்பா முகம் எப்படி இருந்தது? வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான். பயந்தாரா? இல்லை. நிஜமாக? நிஜமாக. அவனுக்குப் பயமிருந்தால் மூக்கைச் சொறிவான், சொறியவில்லை. மேடையில் எத்தனை பேர் இருந்தார்கள்? முப்பது பேர் இருக்கும். அவர்களில் ஒருத்தராவது உங்களுக்குத் தெரிந்தவரா? இல்லை, அந்தப் புதுப் பையன்கள் மட்டும். அவங்களுக்காகவா? ஆமாம், அவங்களுக்காக.

கயிறு எறிந்த இடத்துக்கு வந்தபோது மெக்கானிக் தன் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் காத்திருந்தாள். உதவவில்லை. மாமா என்று கூப்பிடவும் இல்லை. அவர் தானாகவே மூன்றாவது எறிதல்வரை சொல்லி முடித்தார்.

முட்டை ஆறிப்போய் ஓரம் சுருங்கியிருந்தது. கூரையிலிருந்து நின்றுபோன மழை சொட்டிக்கொண்டிருந்தது. பலகை சுவரில் சாய்ந்திருந்தது. அதன் மூன்றாவது வரியில் வெறும் வெள்ளை.

"இன்னொரு தடவை" என்றாள்.

"வேணாம்டா" என்றாள் மெக்கானிக்கின் மனைவி கதவிலிருந்து.

"எனக்கு வேணும் அத்தை."

அத்தை என்ற வார்த்தை மிஞ்சியிருப்பதைக் கேட்டு அவள் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை மெக்கானிக் வேறு இடத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் இரண்டு முறையும் விட்டுவிட்டதெல்லாம் அவருக்கு இப்போதுதான் வந்தது. பாறைக்கு வருவதற்கு முன்னால் இருவரும் ஒரு பன்னை இரண்டாகப் பிய்த்துத் தின்றார்கள். பெரிய பாதியை ஒட்டகம் எடுத்துக்கொண்டான், நீளமான ஆளுக்கு நீளமான பன் என்று. படகுக்குள் தண்ணீர் புகாமலிருக்க இடுப்பில் மாட்டுகிற ரப்பர் பாவாடையைச் சரிசெய்துகொண்டே, இந்த வயசில் பாவாடை கட்டிக்கொண்டு திரிகிற ஒரே ஜோடி நாமதான்டா என்றான். படகைக் கொடு என்று இவர் கேட்டபோது காரணம் கேட்கவில்லை. மேடையில் நின்ற கூட்டத்தை ஒரு தடவை பார்த்தான். இவரை ஒரு தடவை பார்த்தான். எல்லாம் புரிந்திருக்கும். சிவப்புப் படகின் கால்தாங்கியைத் தள்ளித் தள்ளிக் கடைசிப் பல்லுக்குக் கொண்டுபோய், "இதுல உக்காரணும்னா என் காலை மடிச்சுப் பையில வெச்சுட்டுத்தான்டா வரணும், பொம்மைக்குச் செஞ்ச படகு மாதிரி இருக்கு" என்றான்.

வாத்துவின் வாயோரம் ஒரு கணம் ஆடியது.

"அப்படியா சொன்னாரு?"

"அப்படியே."

"அப்புறம்?"

வாசலில் நிழல் விழுந்தது. சலவைக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள் அவள் அம்மா. இன்றைக்கு உள்ளே ஒரு காலையும் எடுத்து வைக்கவில்லை. மெக்கானிக்கைப் பார்க்கவுமில்லை. "மணி ஆறாச்சு. பையை எடு, போலாம்" என்றாள்.

வாத்து திரும்பவில்லை. மெக்கானிக்கின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"இரும்மா. அப்பா இன்னும் படகுல ஏறல."